பொத்தான் தேய்ந்தாற் கருவி பழுதாகுமா?

மனிதன் கையாளும் எக்கருவியிலும் முதலில் தேய்வது அவனுடைய கைபடும் பாகமே. மண்வெட்டியின் இரும்பு உறுதியாக இருக்க, அதன் பிடி முறிகின்றது. கதவின் பலகை நன்றாக இருக்க, அதன் தாழ்ப்பாள் தளர்கின்றது. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலே கவ்வாத்துக் கத்தியின் பிடி கழன்றுவிட்டால், கத்தியைக் குப்பையில் எறிவார் எவரும் இலர். பிடியை மாற்றி, அலகைத் தீட்டி, மறுநாளே மலைக்கு எடுத்துச் செல்வர். ஆனால் அதே வீட்டிற் பிள்ளையொன்றின் கையடக்க விளையாட்டுக் கருவியில் ஒரு பொத்தான் இயங்காது போனால், "பழுதாய்ப் போயிற்று" என்ற ஒரே தீர்ப்புடன் கருவி முழுவதும் அலுமாரியின் மேற்றட்டுக்குப் போய்விடுகின்றது. கத்திக்குக் கிடைத்த நீதி கருவிக்குக் கிடைப்பதில்லை. கத்தியின் அமைப்பை எல்லாரும் அறிவர். கருவியின் உள்ளமைப்பை அறிந்தவர் சிலரே. அவ்வறிவு பெறுவதற்கு அரியதன்று.

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கும் பாதையின் இருமருங்கிலும் முதலில் தேயிலையும், கீழே வரவர இறப்பரும் காணப்படும். இப்பகுதித் தோட்டக் குடியிருப்புகளுக்கு இத்தகைய கருவிகள் பெரும்பாலும் கடையிலிருந்து புதியனவாக வருவதில்லை. வளைகுடா நாடுகளிற் பணிசெய்து திரும்பும் தாயோ, கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணனோ கொண்டுவந்து கொடுப்பவை அவை. பல, முன்னரே பிறர் கையிற் பழகியவை. ஆகவே அவை வந்துசேரும்போதே பாதி வயதைக் கடந்திருக்கும். இன்னொன்றை வாங்குவதும் எளிதன்று. 2017ஆம் ஆண்டில் வெளிவந்தபோது நின்டெண்டோ சுவிட்ச் என்னும் கருவியின் விலை அமெரிக்காவில் ஏறத்தாழ 300 டொலராக இருந்தது. 2024ஆம் ஆண்டின் நாணயமாற்றுப்படி ஒரு டொலர் ஏறத்தாழ 300 ரூபா எனக் கொண்டால், வரியும் கப்பற்கூலியும் சேராமலே அது 90,000 ரூபா ஆகும். அதே 2024இல் தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தொகை 1,350 ரூபா. 67 நாட்கள் உழைத்து, உண்ணாமலும் உடுக்காமலும் சேர்த்தாலன்றி அத்தொகை கைகூடாது. இந்நிலையில், ஒரு பொத்தானுக்காக ஒரு கருவியைக் கைவிடுதல் சிறிய செய்தியன்று.

கையடக்க விளையாட்டுக் கருவியின் வரலாறு நீண்டதன்று. ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோவிற் பணியாற்றிய குன்பெய் யோக்கோய் என்னும் பொறியியலாளரின் முயற்சியால் 1980இல் 'கேம் அண்ட் வோச்' என்னும் சிறு கருவி வெளிவந்தது. 1982இல் அவ்வரிசையின் ஒரு கருவிக்கு அவர் சிலுவை வடிவான திசைப் பொத்தானை அமைத்தார். மேல், கீழ், இடம், வலம் என்னும் நான்கு திசைகளையும் ஒரே பெருவிரலால் ஆளும் இவ்வமைப்பு, பின்வந்த எண்ணற்ற கருவிகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1989இல் வெளிவந்த 'கேம் போய்', அதன் வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. 2004இல் நின்டெண்டோவின் 'டி.எஸ்.' கருவியும் சோனி நிறுவனத்தின் 'பி.எஸ்.பி.' கருவியும் வந்தன. திரையும் கணிப்புத்திறனும் எவ்வளவோ மாறின. எனினும் விரல் அழுத்தும் பொத்தானும் பெருவிரல் அசைக்கும் கோலும் பழைய இயல்பினவாகவே நின்றன. பழைய முறையிலேயே தேய்ந்தும் வந்தன.

பொத்தானை முதலில் நோக்குவோர், வெளியே தெரியும் பிளாத்திக்குத் துண்டையே பொத்தான் என எண்ணுவர். உண்மையில் அது ஒரு தொப்பி மட்டுமே. அதன் கீழே மெல்லிய இறப்பர் விரிப்பு ஒன்று உண்டு. அவ்விரிப்பிற் பொத்தானுக்கு ஒன்றாகச் சிறு குமிழிகள் மேலெழுந்து நிற்கும். குமிழியின் உட்புறத்தில், காபன் கலந்த கரிய வட்டத்துண்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு நேர்கீழே சுற்றுப் பலகையில், இரு சீப்புகளின் பற்கள் ஒன்றினிடையே ஒன்று நுழைந்தாற்போல, இரண்டு கடத்திப் பாதைகள் ஒன்றையொன்று தொடாமற் கிடக்கும். விரல் அழுத்தும்போது குமிழி மடிகின்றது, கரிய வட்டம் இறங்கி இரு பாதைகளையும் இணைக்கின்றது, மின்னோட்டம் பாய்கின்றது. விரலை எடுத்ததும் குமிழி தன் மீள்தன்மையால் எழுகின்றது, இணைப்பு அறுகின்றது. வீட்டிலுள்ள தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்படுத்தியும், மாணவர் பலர் கையாளும் கணிப்பானும் இதே முறையில் இயங்குபவையே. ஆகவே ஒன்றைத் திருத்தக் கற்றவர் மூன்றையும் திருத்தக் கற்றவராவர்.

இவ்விறப்பர், மொனராகலைத் தோட்டங்களில் மரத்தைக் கீறிப் பெறும் இறப்பர் அன்று. இயற்கை இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியிலே காபன் அணுக்களுக்கிடையில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஓசோனும் ஒட்சிசனும் அப்பிணைப்புகளைத் தாக்குவதால், அது நாளடைவில் வெடித்து விறைக்கின்றது. பொத்தானுக்குப் பயன்படும் சிலிக்கோன் இறப்பரிலோ, சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறித் தொடுத்த சங்கிலியே முதுகெலும்பு. அதில் அத்தகைய இரட்டைப் பிணைப்பு இல்லை. எனவே அது வெப்பத்தையும் காற்றையும் நெடுங்காலம் தாங்குகின்றது. முப்பது ஆண்டு கடந்த கேம் போய்க் கருவிகள் சில, துடைத்த மாத்திரத்தில் மீண்டும் இயங்குவதற்கு இதுவே காரணம்.

அவ்வாறாயின் பழுது எங்கே நேர்கின்றது? பெரும்பாலும் மூன்றிடங்களில் நேர்கின்றது. முதலாவது அழுக்கு. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாச் சரிவுகளில் வீசும் வறண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைக் கொடுக்கின்றது. அதே காற்று நுண்ணிய தூசியையும் சுமந்து வருகின்றது. பின்னர் மாரிகாலத்து ஈரம் அத்தூசியைப் படையாக ஒட்டவைக்கின்றது. பிள்ளையின் விரலிலுள்ள வியர்வையும் எண்ணெய்ப் பசையும், சிந்திய இனிப்புத் தேநீரும் அதனோடு சேர்கின்றன. இரண்டாவது, கரிய வட்டத்தின் தேய்வு. பல்லாயிரம் முறை அழுத்தப்பட்டபின் அதன் முகம் மழுங்கிக் கடத்துந்திறன் குறைகின்றது. மூன்றாவது, குமிழியின் கிழிவு. ஓயாது மடிந்து எழும் ஓரத்தில் இறப்பர் வெடித்துவிடுகின்றது.

இம்மூன்றையும் விரலின் உணர்ச்சியாலேயே ஓரளவு பிரித்தறியலாம். அழுத்திய பொத்தான் மேலெழாமற் சிக்கி நின்றால், ஓரத்திற் படிந்த பசையே காரணமாதல் வேண்டும். பொத்தான் நன்றாக எழுந்தும், மிக அழுத்தினாலன்றி வேலை செய்யாதாயின், கரிய வட்டமோ அதன் கீழுள்ள பாதையோ அழுக்கடைந்தது அல்லது தேய்ந்தது எனக் கொள்ளலாம். அழுத்தும்போது வழக்கமான சிறு தடை தோன்றாமல் தொய்வாக இறங்கினால், குமிழி கிழிந்திருக்கும். பல பொத்தான்கள் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிட்டாலோ, பொத்தான்களைக் குறைகூறுதல் தவறு. அவற்றை இணைக்கும் நாடா வடத்திலோ சுற்றுப் பலகையிலோ குறையைத் தேடவேண்டும்.

திருத்தும் வேலையிற் கைவைக்குமுன் மின்கலத்தைப்பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய கேம் போயிற் சாதாரண உலர்கலங்களே இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டால் அச்சமில்லை. பிற்காலக் கருவிகளில் இலிதியம் மின்கலம் உண்டு. கருவியை முற்றாக நிறுத்தி, மின்னேற்றும் வடத்தை நீக்கி, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பின்னரே உள்ளே தொடவேண்டும். மின்கலம் வீங்கியிருந்தால் அதனை அழுத்துதலும், கூரிய கருவியால் நெம்புதலும், நெருப்பிலிடுதலும் பேராபத்து. அத்தகைய கருவியைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி, தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைத்தலே முறை.

அடுத்துத் தேவைப்படுவது ஏற்ற திருப்புளி. கேம் போய் அட்வான்ஸ், டி.எஸ்., சுவிட்ச் முதலிய கருவிகளின் வெளியோட்டைப் பிணைக்கும் திருகாணிகள் சிலவற்றின் தலையில் மூன்று இறகுடைய வெட்டு இருக்கும். கைக்கு எட்டிய கத்திமுனையால் அதனைத் திருக முயல்வோர், வெட்டை மழுக்கி, திறக்கவே இயலாதபடி செய்துவிடுவர். கைத்தொலைபேசி திருத்துவோரிடம் இதற்கான திருப்புளி இருக்கும். கழற்றிய திருகாணிகளை ஒரு தாளில், அவை இருந்த இடத்தை வரைந்து, அவ்வவ்விடத்தில் வைத்தல் நல்ல வழக்கம். நீளத் திருகாணி குறுகிய துளையிற் சென்றால் சுற்றுப் பலகையையே துளைத்துவிடக்கூடும்.

ஓட்டைத் திறந்தபின், பிளாத்திக்குத் தொப்பிகளையும் இறப்பர் விரிப்பையும் வேறாக்கி, மென்மையான சவர்க்கார நீரிற் கழுவலாம். விரிப்பைத் தேய்க்காமல் அலசி, நிழலில் முற்றாக உலரவிடவேண்டும். சுற்றுப் பலகையின் பாதைகளை, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்கவேண்டும். நூற்றுக்கு 90 பங்கும் அதற்கு மேலும் செறிவுள்ளது சிறந்தது. மருந்துக் கடையிற் கிடைக்கும் 70 பங்குச் செறிவுள்ளதில் நீர் அதிகமாதலால், அதனைப் பயன்படுத்தினால் நெடுநேரம் உலரவிடல் வேண்டும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஒருபோதும் ஆகா. அவை பிளாத்திக்கையும் இறப்பரையும் கெடுப்பதோடு தீப்பற்றவும் வல்லவை. மணற்கடதாசியால் உரசுவதும் கூடாது. பாதையின் மேலுள்ள மெல்லிய கடத்திப் படை அதனால் உரிந்துபோகும்.

கரிய வட்டம் தேய்ந்திருந்தால், மென்மையான பென்சில் முனையால் அதன் முகத்திற் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. பென்சிலின் கரியும் காபனின் ஒரு வடிவமே. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அகழப்படும் காரீயமும் அதுவே. அது மின்னைக் கடத்துவதால் இவ்வுபாயம் பலிக்கின்றது. ஆயினும் பூச்சு விரைவில் உதிர்ந்துவிடும். உதிர்ந்த தூள் அயலிலுள்ள பாதைகளுக்கிடையே விழுந்தால், அழுத்தாத பொத்தானும் அழுத்தியதுபோல் இயங்கத் தொடங்கும். எனவே இது சில நாட்களுக்குரிய உபாயமேயன்றி நிலையான பரிகாரம் ஆகாது. தேய்ந்த விரிப்புக்கும் கிழிந்த விரிப்புக்கும் தக்க மருந்து புதிய விரிப்பே. கருவியின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட மாதிரி எண்ணைச் சரியாகக் கூறி அதனை வாங்கவேண்டும். தோற்றத்தில் ஒத்த இரு கருவிகளின் விரிப்புகள் அளவில் ஒத்திருக்கும் என்பது உறுதியன்று.

எல்லாப் பொத்தான்களும் இவ்வகையின அல்ல. டி.எஸ். லைட் என்னும் கருவியின் தோட்பக்கத்து இரு பொத்தான்களின் கீழே, சுற்றுப் பலகையிற் பற்றாசு பிடித்த சிற்றாளிகள் உள்ளன. அவற்றைத் துடைத்தும் பயனில்லையாயின், பழையதை உருக்கி எடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். இவ்வேலை கைப்பழக்கமுள்ளவர்க்கே உரியது. துடைக்கத் தெரிந்தவரெல்லாம் பற்றாசுக் கோலைக் கையிலெடுத்தல் வேண்டியதில்லை. எவ்வேலையைத் தானே செய்யலாம், எதனைப் பிறரிடம் கொடுக்கவேண்டும் என அறிதலும் திருத்தற் கலையின் ஒரு பகுதியே.

பெருவிரலால் அசைக்கும் கோலின் செய்தி வேறு. பழைய வானொலிப் பெட்டியை அறிந்தவர்க்கு அதனை விளக்குதல் எளிது. பெட்டியின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் குமிழின் உள்ளே, வளைந்த கரிப் பாதை ஒன்றும், அதன்மேல் நகரும் உலோக நாக்கு ஒன்றும் இருந்தன. நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ப மின்தடை மாறும்; ஒலியும் மாறும். பல ஆண்டுகள் திருகியபின் பாதை தேய்ந்து, குமிழைத் தொட்டதும் 'கரகர' என்னும் ஓசை எழுவதைக் கேளாத வீடு அக்காலத்தில் அரிது. விளையாட்டுக் கருவியின் கோல், அத்தகைய மாறுந்தடைகள் இரண்டைச் செங்குத்தாகப் பொருத்திய அமைப்பே. ஒன்று இடவல நகர்வையும், மற்றது மேல்கீழ் நகர்வையும் அளக்கின்றது. பாதை தேய்ந்தால் இங்கே ஓசை எழுவதில்லை. யாரும் தொடாமலே திரையிலுள்ள உருவம் ஒருபக்கமாக நகரத் தொடங்கும். ஆங்கிலேயர் 'டிரிஃப்ட்' எனக் கூறும் இக்குறையைத் 'தன்னகர்வு' எனலாம். கோலை நடுவுக்கு மீட்கும் வில் தளர்வதும், உள்ளே தூசி புகுவதும் இதற்குப் பிற காரணங்கள்.

தன்னகர்வு தோன்றியவுடன் கருவியைத் திறக்க வேண்டியதில்லை. பல கருவிகளின் அமைப்புப் பட்டியலில், கோலின் நடுநிலையை மீள வரையறுக்கும் வசதி உண்டு. குறை சிறிதாயின் அதுவே போதும். அடுத்த படி, கோலின் அடியிலுள்ள மெல்லிய மூடியை உயர்த்தி, மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் திரவத்தைச் சிறிதளவு தெளித்துக் கோலைச் சுழற்றுதல். காரணம் தூசியாயின் இது குணப்படுத்தும். தேய்வாயின் சில நாளில் நோய் மீளும். மீண்டால் கோலையே மாற்றவேண்டும். சுவிட்ச் கருவியின் கைப்பிடிகளில், கோல் திருகாணிகளாற் பொருத்தப்பட்டு, நாடா வடமொன்றாற் பலகையோடு இணைக்கப்பட்டுள்ளது, பற்றாசு வேண்டியதில்லை. நாடாவைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு தாழை முதலில் நிமிர்த்திய பின்னரே நாடாவை இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுப்போர், தேய்ந்த கோலோடு நல்ல பலகையையும் இழப்பர். மாற்றும்போது, காந்தத்தால் இயங்கும் கோலையும் சிலர் விரும்பி வாங்குகின்றனர். 1879இல் எட்வின் ஹோல் என்னும் அமெரிக்க அறிஞர் கண்ட விளைவைப் பயன்படுத்தி, காந்தம் நகர்வதைத் தொடாமலே உணரும் கோல் அது. உரசும் கரிப்பாதை அதில் இல்லையாதலால், அவ்வகைத் தேய்வும் இல்லை.

இங்கே பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. கோல் பழுதானதும், "முரட்டுத்தனமாக ஆடினாய்" எனப் பிள்ளையைக் கடிதல் வழக்கம். ஆயின் உலகெங்கும் நடந்தது வேறு. சுவிட்ச் கருவியின் தன்னகர்வு குறித்து 2019இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2020 ஜூன் மாதத்திற் பங்காளர் கூட்டத்தில், நிறுவனத்தின் தலைவர் ஷுன்தாரோ புருகாவா நுகர்வோருக்கு நேர்ந்த இடர்ப்பாட்டுக்கு வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில், ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் ஒன்றியம் ஏறத்தாழ 25,000 முறைப்பாடுகளைச் சான்றாகக் காட்டி ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 2022இல் பிரித்தானிய நுகர்வோர் அமைப்பொன்று பழுதான கோல்களைத் திறந்து ஆராய்ந்து, சில மாதப் பயன்பாட்டிலேயே தொடுகைப் பாதைகள் தேய்ந்திருந்தமையைக் கண்டது. 2023இல், ஐரோப்பாவில் உத்தரவாதக் காலம் கடந்தபின்னும் இக்குறையை இலவசமாகத் திருத்த நிறுவனம் உடன்பட்டது. குறை பிள்ளையின் கையில் மட்டுமன்று, பொருளின் அமைப்பிலும் இருந்தது என்பதை இவ்வரலாறு காட்டும். ஐரோப்பிய நுகர்வோர்க்குக் கிடைத்த அவ்வுரிமை, கைமாறிக் கைமாறி ஊவாவை அடைந்த கருவிக்கு எட்டாது. அதனாலேயே இங்கு திருத்தும் அறிவு இருமடங்கு வேண்டப்படுகின்றது.

திருத்துவதா, மாற்றுவதா என்னும் வினாவுக்கு முறையான விடை உண்டு. முதலிற் துடைத்துப் பார்க்கவேண்டும். அதற்குச் செலவு மிகச் சிறிது. பயனில்லையாயின் தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றவேண்டும். திரை உடைந்தும், சுற்றுப் பலகை நீர்பட்டு அரித்தும் போயிருந்தால், அப்போதுதான் கருவியைக் கைவிட எண்ணலாம். அவ்வாறு கைவிட்ட கருவியும் வீணன்று. அதன் பொத்தான்களும் கோலும் திருகாணிகளும், உயிருள்ள இன்னொரு கருவிக்கு உதவும். அயல்வீட்டில் ஓய்ந்து கிடக்கும் கருவிகள் இரண்டிலிருந்து ஓடும் கருவி ஒன்றை ஆக்குதல் அரிதன்று.

இவ்வேலையிற் கிடைக்கும் பயன் பணம் மட்டுமன்று. கடத்தி, காவலி, ஆளி, மாறுந்தடை என்னும் சொற்களை மாணவர் விஞ்ஞானப் பாடநூலிற் படித்து, பரீட்சைக்கு எழுதி, பின்னர் மறக்கின்றனர். பெரியவர் ஒருவரின் துணையோடு தன் கருவியைத் தானே திறந்து, கரிய வட்டம் இரு பாதைகளை இணைப்பதைக் கண்ணாற் கண்ட பிள்ளை அதனை மறப்பதில்லை. பதுளை நகரிலோ மொனராகலை நகரிலோ கைத்தொலைபேசி திருத்தும் தொழிலை நாளை அப்பிள்ளை கற்கவும் கூடும். கற்காவிடினும், உடைந்தது அனைத்தும் ஒழிந்தது அன்று என்னும் துணிவு அதன் உள்ளத்தில் நிலைக்கும். எனவே அலுமாரியின் மேற்றட்டிற் கிடக்கும் கருவியைக் கீழே இறக்கி, எந்தப் பொத்தான் எவ்வாறு இயங்கவில்லை என முதலில் அறிந்துகொள்ளல் நன்று. காரணம் பெரும்பாலும் சிறிதளவு தூசியாகவோ, தேய்ந்த கரிய வட்டம் ஒன்றாகவோ இருக்கும்.